மச்சினன் டெக்சாஸில் நீல்காய் வேட்டைக்குக் கூப்பிடுகிறான், போகலாமா?

மண்டிக்காரன்:

வணக்கம். கேட்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. திட்டுகிறவர்கள் திட்டிவிட்டுப் பதிலையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

குப்பத்துக்கு வெளியே ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பலமநேர் மண்டியில் தெலுங்கு, இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் போனால் கன்னடம். தக்காளி, நிலக்கடலை போடுகிறோம். யானையும் பன்றியும் வருஷா வருஷம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு விடும். தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு வீட்டில் இருக்கிறது. 72-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால் அதில் முயலும் கவுதாரியும் அடித்த கதையை அப்பா சொல்வார். என் காலத்தில் அது எலெக்ஷனுக்கு எலெக்ஷன் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி வருகிற ஒரு சாமான், அவ்வளவுதான். பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து நாலைந்து தடவை வெடித்திருக்கிறேன். அதுவே என் துப்பாக்கி அனுபவம்.

விஷயத்துக்கு வருகிறேன். மச்சினனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஹூஸ்டனில் இருக்கிறான். ஜனவரியில் நானும் வீட்டுக்காரியும் போகிறோம், டூரிஸ்ட் விசா கைக்கு வந்துவிட்டது. அவன் ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேர் தெற்கு டெக்சாஸில் ஒரு தனியார் பண்ணையில் நீல்காய் (நம் நாட்டில் திரிகிற, மான் மாதிரிப் பெரிய விலங்கு) வேட்டைக்கு ரெண்டு நாள் புக் பண்ணுகிறார்களாம், "மாமா நீங்களும் வாங்க, இங்கே எல்லாம் லீகல்" என்கிறான். நம் நாட்டு விலங்கு அங்கே எப்படிப் போனது, அதை எவன் வேண்டுமானாலும் சுடலாம் என்பது எப்படி, எனக்குப் புரியவில்லை. எவ்வளவு செலவாகும், துப்பாக்கிக்கு என்ன வழி, விசாவில் சிக்கல் வருமா, கொம்பைக் கொண்டுவரலாமா? அப்புறம் ஒன்று, பேரிலேயே "காய்" இருக்கிறது, இந்தியில் பசு என்று அர்த்தம். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று அதுவும் ஒரு யோசனை.

ஆஸ்டின் ஆம்பூரான்:

அண்ணா, நான் மூன்று தடவை போயிருக்கிறேன், அதில் முதல் தடவை படுதோல்வி, அதையும் சொல்கிறேன்.

முதலில் விசா, ஏனென்றால் இதை உங்கள் மச்சினன் உட்பட நம் ஆட்களில் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். டூரிஸ்ட் விசா, எச்1பி என்ற வேலை விசா இரண்டுமே குடியேறாதவர் விசா. அந்த விசாவில் இருக்கிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அதற்கு விலக்கு உண்டு, அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் உங்களிடம் செல்லுபடியாக இருந்தால் தப்பில்லை. ஆகவே லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னால் "சும்மா பிடித்துப் பாருங்க மாமா" என்று யார் நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மச்சினன் எச்1பி என்றால் அவனுக்கும் இதேதான், கிரீன் கார்டு என்றால் அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. தாத்தா துப்பாக்கியைக் கொண்டுபோகும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இரண்டு நாட்டுப் பேப்பரும் ஏர்லைன் பேப்பரும் முடிவதற்குள் உங்கள் தக்காளி இரண்டு போகம் முடிந்துவிடும். பண்ணையிலேயே ரைஃபிள் வாடகைக்குத் தருவார்கள்.

டெக்சாஸில் வெளியாட்களுக்கு ஐந்து நாள் லைசென்ஸ் ஒன்று இருக்கிறது, நான் கடைசியாக நண்பனுக்கு வாங்கியபோது 48 டாலர். நீல்காய் மாதிரி வெளியிலிருந்து வந்த விலங்குகளுக்கு அது போதும். ஆனால் தொடர்ச்சியாக ஐந்து நாள்தான், அதனால் தேதியைக் கவனமாகப் போடுங்கள். முதல் நாள் சுட்டுப் பழகுகிற துப்பாக்கி ரேஞ்சு, இரண்டாம் நாள் பயணம், அப்புறம் வேட்டை என்று வருகிற மாதிரி வாங்க வேண்டும். வேட்டைக்கு முந்தின வாரமே ரேஞ்சுக்குப் போகலாம் என்றால் அந்த வாரத்துக்கு உங்களிடம் லைசென்ஸ் இருக்காது. இன்னொன்று, 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்களுக்கு 10 டாலர் கட்டி ஒரே ஒரு தடவை தள்ளிப்போடும் வசதி இருக்கிறது, ஆனால் அப்போது வகுப்பு முடித்த லைசென்ஸ்காரர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வகுப்பை ஆன்லைனிலேயே முடித்துவிடுங்கள் என்பேன், உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை.

இனி "எவன் வேண்டுமானாலும் சுடலாமா" என்ற கேள்வி. அப்படி இல்லை. அங்கே வெள்ளைவால் மான் போன்ற உள்ளூர் விலங்குகள் மாநிலத்துக்குச் சொந்தம், அவற்றுக்கு சீசன் உண்டு, எண்ணிக்கை உண்டு, சுட்டதும் கட்ட வேண்டிய டேக் உண்டு. நீல்காய், நம் வெளிமான், ஈலண்ட், ஓரிக்ஸ் என்கிற ஆப்பிரிக்க மான்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, அவை நிலத்துக்காரரின் ஆடுமாடு கணக்கில் போய்விடும். சீசன் கிடையாது, எண்ணிக்கை கிடையாது, நிலத்துக்காரர் அனுமதியும் உங்கள் லைசென்ஸும் இருந்தால் போதும். நீல்காயை 1920-களிலும் 30-களிலும் கிங் ராஞ்ச் என்ற பெரிய பண்ணையில் கொண்டுவந்து விட்டார்கள். எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கும் பண்ணை அது. கடலோர மணல் பூமி, கருவேலம் மாதிரி மெஸ்கீட் முள்மரம், வெயில், புலி கிடையாது. பெருகாமல் என்ன செய்யும்? இப்போது பல்லாயிரம் இருக்கின்றன. அவற்றால் தாங்க முடியாதது குளிர் ஒன்றுதான், 2021 பிப்ரவரியில் அடித்த உறைபனியில் நிறையச் செத்தன.

செலவு: வளர்ந்த காளைக்கு வழிகாட்டி, தங்கல் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்துச் சொச்சம் டாலர் கேட்பார்கள். பசு (அம்மாவிடம் "பெட்டை" என்று சொல்லுங்கள்) அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். வழிகாட்டிக்கு டிப்ஸ் தனி, பத்திலிருந்து இருபது சதவீதம் என்பது அங்கே வழக்கம். கறியை வெட்டிப் பாக்கெட் போட்டுத் தருகிற கடைக்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

என் தோல்விக்கு வருகிறேன். முதல் தடவை காளைக்குத்தான் போனேன், கெத்துக்கு. நீல்காய்க் காளை இருநூறு கிலோவைத் தாண்டும், கழுத்திலும் மார்பிலும் தோல் செருப்புத் தைக்கிற தோலை விடத் தடிமன். (ஆம்பூர்க்காரன் சொல்கிறேன், தோல் பற்றி எனக்குத் தெரியும்.) கண் பார்வை அபாரம், அரை கிலோமீட்டரிலேயே ஜீப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். அதனால் இருநூறு கஜத்துக்குக் கிட்டப் போவதே பெரும்பாடு. ரேஞ்சில் மேசைமேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டுப் பழகியவன் நான், அங்கே மேசை ஏது? மூன்று கால் குச்சிமேல் வைத்து, கடல் காற்றில், மூச்சு வாங்கிக்கொண்டு சுட்டேன். பட்டது, ஆனால் பின்னால் தள்ளிப் பட்டது. முள்காட்டுக்குள் போய்விட்டது. இருட்டும்வரை தேடினோம், மறுநாள் காலையும் தேடினோம், கிடைக்கவில்லை. ரத்தம் ஒரு துளி விழுந்தாலும் முழுப் பணம் என்பது பண்ணையின் விதி, புக்கிங் பேப்பரில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, எனக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. பணம் போனது இரண்டாம்பட்சம். அந்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது எங்கே கிடந்து எவ்வளவு நேரம் துடித்ததோ என்று. அதற்குப் பிறகு போன இரண்டு தடவையும் பெட்டைதான், நூற்றைம்பது கஜத்துக்கு மேல் சுடுவதில்லை, .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான ரைஃபிளுக்குக் கீழே வாடகைக்கு எடுப்பதும் இல்லை. நீங்கள் வானத்தை மட்டும் சுட்டவர் என்று சொல்வதால் கேட்கிறேன், அந்த ரைஃபிள் சுடும்போது தோளில் உதைக்கிற உதை தாங்குமா? ரேஞ்சில் இருபது தோட்டாவாவது போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாஸ்போர்ட்டைக் கட்டாயம் கையில் எடுத்துப் போங்கள். பண்ணைகள் இருக்கிற அந்த 77-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் சரீட்டா பக்கம் வடக்கே திரும்பி வரும்போது எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது, எல்லா வண்டியையும் நிறுத்துவார்கள். நம் நரஹரிபேட்டை செக்போஸ்ட் மாதிரி கையசைத்துவிட்டு வர முடியாது.

ஓய்வுபெற்ற வனவர், பேரணாம்பட்டு:

தம்பி, கொம்பு, தோல், பல், வால்மயிர் எதுவும் கொண்டுவராதீர்கள். அங்கே சட்டப்படி சுட்டது என்பதற்கு ரசீது இருக்கலாம், ஆனால் இங்கே விமான நிலையத்தில் அதிகாரி பார்க்கப்போவது வனவிலங்குச் சட்டத்துப் பட்டியலில் உள்ள ஒரு விலங்கின் கொம்பை. அதற்கு முறையான இறக்குமதி அனுமதி இல்லையென்றால் நீங்கள் விளக்கம் சொல்லிச் சொல்லியே களைத்துப்போவீர்கள். அதன் கொம்பும் ஒரு சாணுக்கு மேல் இருக்காது, இதற்கா இந்தப் பாடு. கறியும் வேண்டாம்.

போட்டோ எடுத்தால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எங்கே எடுத்தது என்று யாரும் படிக்கமாட்டார்கள், படம் மட்டும் பத்துக் குழு சுற்றிவிட்டு எங்கள் ஆட்களிடம் வந்து சேரும், பிறகு யாராவது ஒரு வனக்காவலர் உங்கள் கொல்லையில் வந்து நிற்பார். எனக்கு அப்படிப்பட்ட புகார் வந்து நாள் முழுக்க அலைந்து, கடைசியில் படம் ஆப்பிரிக்காவில் எடுத்தது என்று தெரிந்தது.

பெயர் விஷயம். தெலுங்கில் அதற்கு மனுபோத்து என்று பெயர், நம் "போத்து"தான் அது, ஆண் விலங்கு. மாடா மானா என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறவர்கள் பாதிதான் சரி. கிளைக்கொம்பு போட்டு உதிர்க்கிற புள்ளிமான், கடமான் வகை அது இல்லை. அதன் கிட்டத்து உறவு நம் சேஷாசலம் காட்டில் இருக்கிற நாற்கொம்பு மான், தெலுங்கில் கொண்டகொர்ரெ என்பார்களே அது. அந்த இரண்டும் வெளிமானை விட மாட்டுக்குத்தான் பக்கத்துச் சொந்தம். அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

இங்கேயும் அதைச் சுட்டதில்லை என்று நினைக்காதீர்கள். 2015 டிசம்பரில் பிகாரின் சில மாவட்டங்களில் பயிர் நாசம் என்று ஒரு வருஷத்துக்கு அதைத் தீங்குயிர், அதாவது சுட்டுக்கொல்லலாம், என மத்திய அரசே அறிவித்தது. 2016 ஜூனில் மொகாமா பக்கம் ஐதராபாத்திலிருந்து ஆட்கள் வந்து இருநூறுக்கும் மேல் சுட்டார்கள், மத்திய அமைச்சர் இரண்டு பேர் பத்திரிகையில் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொள்ளும் அளவுக்குப் போனது. நான் வேலையில் இருந்தவன், சுடுவதே பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது ஒரு வேலை, முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்கிற வேலை. பணம் கட்டிப் போய்ச் செய்வது எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

கொல்லங்கோடு:

வேலி போட்டு அடைத்து வைத்த பிராணியைக் காசு கொடுத்துச் சுடுவதற்குப் பேர் வேட்டையா? ஆட்டுக்கிடாயைக் கட்டிப்போட்டு வெட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், தூரம் மட்டும்தானே. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் நிலைமையைக் கேளுங்கள். 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவரே பன்றியைச் சுட உத்தரவு போடலாம் என்று கேரள அரசு அதிகாரம் கொடுத்திருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கிக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் வந்து சுட்டு, பிறகு குழிவெட்டிப் புதைக்க வேண்டும், ஒரு துண்டு எடுக்க முடியாது. நெல் போனவன் நிற்கிறான், கறியும் மண்ணுக்குப் போகிறது. நீங்கள் என்னடாவென்றால் கடல் கடந்துபோய் மூவாயிரம் டாலர்!

ஆஸ்டின் ஆம்பூரான்:

சார், கோபம் நியாயம்தான், ஆனால் எல்லாப் பண்ணையும் ஒன்றில்லை. எட்டடி உயர வேலிக்குள் சில நூறு ஏக்கரில் விட்டு வைத்திருக்கிற இடங்கள் இருக்கின்றன, நான் அங்கே போவதில்லை. கடலோரம் நீல்காய் இருக்கிற பண்ணைகளில் பெரும்பாலும் மாட்டு வேலிதான், நீல்காய் அதன் அடியில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கும், ஒரு தடவை மூன்று நாள் அலைந்தும் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். மண்டி அண்ணா, புக் பண்ணுவதற்கு முன்னால் "உயர வேலியா, தாழ்ந்த வேலியா" என்று அந்த நண்பர்களைக் கேளுங்கள், பதில் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சஹாரா ஓரத்தில் இருந்த வளைகொம்பு ஓரிக்ஸ் 2000-லேயே காட்டில் அழிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். டெக்சாஸ் பண்ணைகளில் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்தது, சுடுகிறவன் காசு கொடுக்கிறான் என்பதால்தான் வளர்த்தார்கள். 2016-லிருந்து சாட் நாட்டில் மறுபடி காட்டில் விட்டு வருகிறார்கள். அதற்கு மிருகக்காட்சிசாலைகளும் அபுதாபி அரசும் முக்கியக் காரணம், பண்ணைக்காரர்கள் தாங்களேதான் காப்பாற்றியதாக மார்தட்டுவது கொஞ்சம் அதிகம். இருந்தாலும் சும்மா தூக்கிப்போட முடியாத விஷயம்.

கொல்லங்கோடு:

ஓரிக்ஸுக்குச் சரி. நீல்காய் எங்கே அழிகிறது?

உண்ணி டாக்டர்:

ஒரு கால்நடை மருத்துவராக நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். யாரும் உண்ணியைப் பற்றிப் பேசவில்லையே! அண்ணா, உங்கள் வீட்டில் மாடு இருக்குமே, காதிலும் மடியிலும் ஒட்டியிருக்கிற அந்த மாட்டுண்ணி ஆசியாவில் பிறந்து உலகமெல்லாம் போனது. அமெரிக்காவில் மாட்டுக் காய்ச்சலைப் பரப்பியது அதுவும் அதன் பங்காளி உண்ணியும்தான். 1906-ல் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, 1943 வாக்கில் மெக்சிகோ எல்லை ஓரத்துப் பட்டையைத் தவிர மற்ற இடங்களில் ஒழித்துவிட்டார்கள். மாட்டைப் பிடித்து மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கலாம், நீல்காயை யார் முக்குவது? வேலிக்கு அடியில் நுழைந்து ஊர் ஊராக உண்ணியைச் சுமந்துபோகிறது. நம் ஊர் விலங்கு, நம் ஊர் உண்ணி, இரண்டும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டன.

ஆகவே கொல்லங்கோடு சாருக்கு ஒரு வார்த்தை, அங்கே அதைக் குறைக்க வேண்டும் என்று கால்நடைத் துறையே நினைக்கிற பகுதிகள் இருக்கின்றன, வெறும் விளையாட்டு மட்டும் இல்லை. மண்டி அண்ணாவுக்கு: உண்ணித் தடுப்பு எல்லைக்குள் சுட்டால் உடலையோ தோலையோ வெளியே எடுப்பதற்கு முன்னால் அதிகாரிகள் பார்த்துப் பரிசோதித்து மருந்தடிக்க வேண்டும். பண்ணைக்காரர்களுக்கு இது தெரியும், ஆனால் அவசரத்தில் மறக்காமல் நீங்களே கேளுங்கள். திரும்பி வந்ததும் அந்தத் துணி, பூட்ஸோடு நேராக உங்கள் கொட்டகைக்குள் போகாதீர்கள். விமான நிலையத்தில் பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லுங்கள்.

மண்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, திட்டியவருக்கும். ரெண்டு மூன்று நாள் யோசித்தேன்.

மச்சினனிடம் வேலியைப் பற்றிக் கேட்டேன், அவன் நண்பரிடம் கேட்டுவிட்டுத் தாழ்ந்த வேலிதான் என்றான். லைசென்ஸ் விஷயத்தைச் சொன்னேன், அவன் எச்1பி, இதுவரை மூன்று தடவை நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போயிருக்கிறானாம், கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. காளை வேண்டாம், பெட்டையே போதும் என்று சொல்லிவிட்டேன். அதையும் ரேஞ்சில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான். கை நடுங்கினால் நான் கூடப் போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வருகிறேன் என்று பேச்சு. வனவர் ஐயா சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்து ஊரில் அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் வைத்த வெடியை, கடித்து வாய் கிழிந்த பன்றி ஒன்று ரெண்டு நாள் ஓடையில் கிடந்ததைப் பார்த்தவன் நான், ஆம்பூர்த் தம்பி சொன்ன அந்த அடிபட்ட காளையைப் படித்ததும் அந்தச் சத்தம்தான் காதில் வந்தது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பசுவா என்று கேட்கவே இல்லை. "கறியை என்ன செய்வீங்க" என்றுதான் முதல் கேள்வி. மச்சினன் ஃப்ரீசரில் வைத்து ஆறு மாசம் தின்பான் என்றேன். சரி என்றாள். பிறகு, தாத்தா அடித்துக்கொண்டு வந்த முயலை உரித்தது யார் தெரியுமா என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம்.

ஒரு சந்தேகம் பாக்கி. பெட்டைக்கும் அதே உதைக்கிற துப்பாக்கிதானா, கொஞ்சம் மெல்லியது ஆகாதா?

ஆஸ்டின் ஆம்பூரான்:

பெட்டை எடை குறைவுதான், .308 என்ற கொஞ்சம் மெல்லிய ரைஃபிளே போதும் என்று விடுகிற பண்ணைகளும் உண்டு. வழிகாட்டி சம்மதித்தால், கிட்டப் போய்ச் சுடுவதானால் சரி, உதையும் குறைவு. இன்னொன்று கவனியுங்கள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாணி போட்டுக் குவித்து வைக்கும் பழக்கம் அதற்கு உண்டு, அந்தக் குவியல் புதிதாக இருந்தால் பக்கத்தில் எங்கோதான் இருக்கிறது என்று அர்த்தம், காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாக உட்கார்ந்தால் போதும், மைல் கணக்கில் நடக்க வேண்டாம். கண்ணாடிவிரியன் மாதிரி அங்கே கிலுகிலுப்பை விரியன் உண்டு, ஜனவரியிலும் வெயில் அடித்தால் வெளியே வரும். முழங்கால் வரை பாம்புக் கவசம் என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, கால் அளவைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஹூஸ்டனுக்குப் பார்சல் போட்டுவிடுகிறேன்.